பழைய சொகுசுக் கார்களின் மின்கோளாறுகள்: கண்டறியும் முறையின் வரலாறு

தன் காலத்தில் பிற கார்களில் இல்லாத வசதிகளுடன் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட காரைச் சொகுசுக் கார் என்கிறோம். அந்த வசதிகளுள் பெரும்பாலானவை மின்சாரத்தால் இயங்குபவை. தானே மூடும் கதவு, நினைவாற்றல் கொண்ட இருக்கை, வழுக்கலைத் தடுக்கும் பிரேக் என எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு வயரும் ஒரு மோட்டாரும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின் அதே கார் புதிய சிறிய கார் ஒன்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் கார் விலை இறங்கும் அளவுக்கு அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் கடினம் என்பது இங்கே பொருந்தும்.

பழைய சொகுசுக் காரை வாங்கியவர் ஏமாறுவது பெரும்பாலும் மின்கோளாற்றில்தான். எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். கியர் தேய்ந்தால் காதுக்குக் கேட்கும். மின்கோளாறோ விற்பவர் வீட்டு வாசலில் மறைந்திருந்து, வாங்கியவர் வீட்டு வாசலில் வெளிப்படும். ஆயினும் அது கண்மூடித்தனமாக வருவதில்லை. காரின் மின்னமைப்பு காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு காலத்துக் காரும் அந்தக் காலத்துக்கே உரிய முறையில் பழுதாகிறது. எனவே கார் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று அறிவதே சோதனையின் முதற்படி. இக்கட்டுரை அந்தத் தலைமுறைகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதை விளக்குகிறது.

கைப்பிடியிலிருந்து மின்மோட்டாருக்கு

தொடக்ககாலக் கார்களில் எஞ்சினை உயிர்ப்பிக்க முன்புறம் உள்ள இரும்புக் கைப்பிடியைக் கையால் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் கை முறியும். இந்த இடரை நீக்கியவர் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். சிறிய மோட்டாருக்குச் சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டம் கொடுத்தால் அது பெரிய வேலையைச் செய்துவிடும் என்பதை அங்கே கற்றிருந்தார். அவருடைய டெல்கோ நிறுவனம் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரும் மின்விளக்குகளும் 1912-ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில் இடம்பெற்றன. இதற்காகக் காடிலாக் நிறுவனம் பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் வழங்கும் டியூவர் கோப்பையைப் பெற்றது.

காரின் மின்னமைப்புக்கு அடிப்படையான மூன்று உறுப்புகள் அப்போதே ஒன்றுசேர்ந்துவிட்டன: மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி, ஓடும்போது அதை நிரப்பும் மின்னாக்கி, அதைச் செலவழிக்கும் மோட்டாரும் விளக்கும். பேட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்பு உடலோடு இணைத்து, அந்த உடலையே திரும்பும் பாதையாகப் பயன்படுத்தும் வழக்கமும் நிலைத்தது. இதைத்தான் தொழிலாளர்கள் எர்த் என்கிறார்கள். இதனால் வயர் பாதியாகக் குறைந்தது. ஆனால் துருப்பிடிக்கும் ஒவ்வொரு திருகும் மின்பாதையின் ஓர் உறுப்பாகிவிட்டது. பழைய கார்களின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து பிறப்பவை.

ஆறு வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் பேட்டரியில் ஓடின. எஞ்சினின் அழுத்த விகிதம் உயர்ந்து, வசதிகளும் பெருகியபோது அது போதவில்லை. காடிலாக் 1953-ஆம் ஆண்டு மாதிரியில் 12 வோல்ட்டுக்கு மாறியது.

காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். 60 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.1 ஓம் தடை தருகிறது என்று கொள்வோம். முதல் அமைப்பில் ஏறத்தாழ 1 வோல்ட் அங்கேயே வீணாகிறது. அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. இரண்டாவதில் வீணாவது அரை வோல்ட். அது இருபத்துநான்கில் ஒரு பங்கு. எனவே 6 வோல்ட் காரில் விளக்கு மங்கலாக எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இணைப்புகளைச் சுரண்டித் துடைக்க வேண்டும். மெல்லிய மாற்று வயர் போட்டிருந்தாலும் இதே விளைவுதான். 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்குத் தடித்த கேபிள் வேண்டும்; 12 வோல்ட் கார் கேபிளை மாட்டியிருந்தால் எஞ்சின் சோம்பலாகச் சுழலும்.

லூகாஸ் காலமும் வயரின் நிறமும்

பிரிட்டிஷ் சொகுசுக் கார்களின் மின்பாகங்களைப் பெரும்பாலும் வழங்கியது பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ் நிறுவனம். அதன் விளக்குகள் அடிக்கடி அணைந்ததால் கார் பிரியர்கள் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்தனர். இந்நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்துடன் கூட்டாக 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சென்னை பாடியில் கார்களுக்கான மின்பாகங்களைச் செய்து வருகிறது.

கேலியில் உண்மை பாதிதான். லூகாஸ் பாகங்களை ஒன்றோடொன்று இணைத்தவை தோட்டா வடிவச் செருகிகள். அவற்றுள் ஈரம் புகுந்து பச்சை பூத்தபின் மின்சாரம் தடைபட்டது. பல கார்களில் ஃபியூஸ்களும் மிகக் குறைவு. ஒரே ஃபியூஸ் பல உறுப்புகளைக் காத்ததால், ஒன்றில் பழுது வந்தால் தொடர்பற்ற வேறொன்றும் நின்றது. காரணம் தெரியாதவருக்கு அது மாயமாகத் தோன்றியது.

இக்காலத்துக் காரை வாங்குபவர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, எர்த் எந்த முனை என்பது. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் 3.8 லிட்டர் காரில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. 1964-இல் வந்த 4.2 லிட்டர் மாதிரி ஆல்டர்னேட்டருடன் எதிர்முனை எர்த்துக்கு மாறியது. ஆல்டர்னேட்டரின் உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் உள்ளன. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அவை நொடியில் எரிந்துவிடும். பழைய காரில் புதிய ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ பொருத்தப்பட்டிருந்தால், எர்த் முறையாக மாற்றப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நிறத்தின் பொருள். பிரிட்டிஷ் தர முறையில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பாயும் வயர், வெள்ளை, சாவி போட்டதும் உயிர் பெறுவது, பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்து வருவது, கறுப்பு, எர்த். ஜெர்மன் முறையிலோ பழுப்புதான் எர்த். சிவப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. ஜாகுவாரில் பழகியவர் மெர்சிடீஸின் பழுப்பு வயரையும், மெர்சிடீஸில் பழகியவர் ஜாகுவாரின் பழுப்பு வயரையும் தவறாகக் கருதினால் தீப்பொறி பறக்கும். ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட எண்ணே நம்பகமானது. இணைப்பின் அருகில் 30 என்றிருந்தால் நேரடி பேட்டரி; 15 என்றால் சாவி வழி; 31 என்றால் எர்த்; 50 என்றால் ஸ்டார்ட்டர். ரிலேயின் அடியில் 85, 86 என்பவை சுருளின் முனைகள்; 87 வெளியேறும் வழி.

இக்கார்களைச் சோதிக்கக் கணினி வேண்டாம். ஒரு சோதனை விளக்கும் மல்டிமீட்டரும் போதும். வாங்குபவர் கூர்ந்து பார்க்க வேண்டியது, முன்பு பழுதுபார்த்த கைகள் விட்டுச்சென்ற தடயங்களை. முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய வயர், ஃபியூஸுக்குப் பதில் செருகிய ஆணி, நிறம் மாறிய பிளாஸ்டிக், எங்கும் சேராமல் தொங்கும் முனை ஆகியவை காரின் பெயருக்கு எதிரான சாட்சிகள். மூலக் கோளாறைவிட இவையே தீவிபத்துக்கு நெருங்கியவை.

மின்னணுப் பெட்டிகள் நுழைந்த காலம்

எரிபொருளை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு 1967-இல் ஃபோக்ஸ்வாகன் காரில் அறிமுகமாகி, விரைவில் மெர்சிடீஸின் உயர்தரக் கார்களுக்குச் சென்றது. 1978-இல் மெர்சிடீஸ் எஸ்-வகுப்பில் வழுக்கல் தடுப்பு பிரேக் வந்தது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி ஆளும் மோட்ரானிக் வந்தது. 1976-இல் லண்டன் காட்சியில் வைக்கப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டாவில் தொடு பொத்தான்களும் எண்முறை ஒளிப்பலகையும் இருந்தன. மின்னணு அமைப்பைப் பக்குவப்படுத்தி வாடிக்கையாளர்களிடம் கார்களை ஒப்படைக்க 1979 வரை ஆனது.

புதுமை முதலில் சொகுசுக் கார்களில்தான் சோதிக்கப்படுகிறது. ஆகவே புதுமையின் பிள்ளைநோய்களும் அவற்றுக்கே முதலில் வருகின்றன. இது இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்பக் காணப்படும் உண்மை.

இக்காலத்துக் கோளாறின் இருப்பிடம் சால்டர் இணைப்பு. எஞ்சின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் உலோகம் விரிந்து சுருங்குகிறது. ஆண்டுகள் கடந்தபின் சால்டரில் மயிரிழை விரிசல் விழுகிறது. அது சில நேரம் ஒட்டும், சில நேரம் விலகும். காலையில் குளிரில் கிளம்பும் கார் மதிய வெயிலில் கிளம்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1980-களின் மெர்சிடீஸ் கார்களில் உள்ள மிகை மின்னழுத்தக் காப்பு ரிலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்புறம் ஃபியூஸ் செருகிய இச்சிறு பெட்டியின் வேலை, பிரேக் கட்டுப்பாட்டுக்கும் எரிபொருள் கட்டுப்பாட்டுக்கும் பாதுகாப்பாக மின்சாரம் வழங்குவது. அதன் உள்ளே சால்டர் விரிந்தால் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் நின்ற இடத்தில் தடுமாறும். விளக்கை மட்டும் பார்த்தவர் விலையுயர்ந்த பிரேக் பெட்டியை மாற்றுவார். மாற்றிய பிறகும் விளக்கு எரியும். எச்சரிக்கை விளக்கு சுட்டுவது பாதிக்கப்பட்ட உறுப்பை. பாதிப்பை உண்டாக்கிய உறுப்பு வேறாக இருக்கலாம். மின்கோளாறு கண்டறிதலில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

தானே உதிர்ந்த வயர்

1990-களின் முற்பாதியில் மெர்சிடீஸ் கார்களின் எஞ்சின் வயரிங்கில் எளிதில் மக்கக்கூடிய காப்புறை பயன்படுத்தப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு நன்மை என்பது நோக்கம். ஆனால் எஞ்சினின் சூட்டில் அந்த உறை சில ஆண்டுகளிலேயே காய்ந்து, கருகிய அப்பளம்போல நொறுங்கியது. உள்ளிருந்த செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன. இ-வகுப்பு, எஸ்-வகுப்பு, எஸ்.எல்., சி-வகுப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் 1993 முதல் 1995 வரையிலான கார்கள் இதற்குப் பேர்போனவை. எஞ்சின் துள்ளும், சக்தி இழக்கும். சில வேளை கட்டுப்பாட்டுப் பெட்டியே கருகும். மின்முறையில் திறக்கும் காற்றுக் கதவின் உள்வயர்களும் இதே வகையில் உதிர்ந்தன.

இங்கே கண்டறியும் முறை மிக எளிது. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, வயர்க்கட்டு செருகியோடு சேரும் இடத்தில் வெளியுறையைச் சற்றுப் பின்தள்ளி, உள்ளே ஒரு வயரை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வயர் ரப்பர்போல வளையும். கெட்ட வயரில் வெடிப்பு தெரியும். வயர்க்கட்டில் தயாரிப்புத் தேதி அச்சிட்ட சீட்டு இருக்கும். காரின் வயதைவிடச் சீட்டின் தேதி பல ஆண்டுகள் பிந்தியதாக இருந்தால், முந்தைய உரிமையாளர் வயர்க்கட்டை மாற்றியிருக்கிறார். விற்பவர் சொல்லும் வாய்மொழியைவிட அந்தச் சிறு சீட்டு உறுதியான சான்று. 1991-ஆம் ஆண்டுக் கார் பழையது, 1994-ஆம் ஆண்டுக் கார் புதியது, எனவே பின்னதே மேல் என்ற பொதுக்கணக்கு இந்த வகைக் கார்களில் தவறிப்போகும்.

வயர் வலைப்பின்னலாக மாறியது

வசதிக்கு ஒரு வயர் என்று இழுத்துக்கொண்டே போனால் காரில் வயரின் எடையே தாங்காது. இதற்குத் தீர்வாகப் போஷ் நிறுவனம் 1983-இல் தொடங்கி உருவாக்கிய கேன் என்னும் தகவல் தொடர்பு முறை, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் பொறியாளர் மாநாடு ஒன்றில் வெளியிடப்பட்டது. முறுக்கிய இரண்டே வயர்களில் பல பெட்டிகள் மாறிமாறிச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னுரிமை எண் உண்டு. பிரேக் பேசும்போது கண்ணாடி மோட்டார் காத்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடீஸ் எஸ்-வகுப்பின் டபிள்யூ 140 மாதிரி இம்முறையை உற்பத்திக் காரில் கொண்டுவந்தது.

இதனால் கண்டறியும் முறை அடியோடு மாறியது. முன்பு பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நேராக மோட்டாருக்குச் சென்றது. பாதையைப் பின்தொடர்ந்தால் கோளாறு அகப்பட்டது. இப்போது பொத்தான் ஒரு பெட்டிக்கு வேண்டுகோள் விடுக்கிறது. அது வேறொரு பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. அப்பெட்டியே மோட்டாரை இயக்குகிறது. கதவுப் பெட்டி ஒன்றில் நீர் புகுந்து அது உளறத் தொடங்கினால், அதே தடத்தில் உள்ள மற்றப் பெட்டிகளும் வாயடைத்துப் போகலாம்.

ஆயினும் இங்கும் எளிய அளவீடு ஒன்று உதவும். விரைவுத் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்துள்ளது. பூச்சியத்தை நெருங்கினால் இரு வயர்களும் எங்கோ தொட்டுக்கொள்கின்றன.

2001-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 வரிசையின் ஈ 65 மாதிரி, இசைக்கும் திரைக்கும் ஒளியிழை வளையத்தைக் கொண்டுவந்தது. மோஸ்ட் எனப்படும் இந்த அமைப்பில் ஒளி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் சென்று வளையமாகத் திரும்பும். வளையத்தில் ஒரு பெட்டி செத்தாலும், இழை கூர்மையாக மடிந்தாலும் எல்லாமே அமைதியாகிவிடும். பெட்டிகளை ஒவ்வொன்றாக விலக்கி, அந்த இடத்தில் இணைப்புத் துண்டு செருகி, எதை விலக்கியபோது வளையம் உயிர்பெறுகிறது என்று பார்ப்பதே கண்டறியும் வழி.

இதே ஆண்டுகளில் பிரேக்கையும் மின்னணு ஆண்டது. மெர்சிடீஸ் எஸ்.எல்., இ-வகுப்புக் கார்களில் வந்த சென்சோட்ரானிக் பிரேக்கில் மின்மோட்டார் ஒன்று அழுத்தத்தை உண்டாக்கியது. 2004-இல் சுமார் 6,80,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. 2005-இல் பிரேக்கோடு ஆல்டர்னேட்டரின் மின்னழுத்த ஒழுங்குபடுத்தி, பேட்டரிக் கட்டுப்பாடு ஆகியவற்றையும் சரிபார்க்கச் சுமார் 13 லட்சம் கார்களை அழைத்தது. இத்தகைய காரை வாங்குபவர் பிரேக் அமைப்பின் பணிமனைப் பதிவைக் கேட்டு வாங்குவது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது.

கார் தானே பேசத் தொடங்கியது

கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம், 1988-ஆம் ஆண்டு மாதிரி முதல் கார்கள் தம் புகைக் கட்டுப்பாட்டுக் கோளாறுகளைத் தாமே கண்டறிய வேண்டும் என விதித்தது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழியை வைத்திருந்தது. 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் ஓ.பி.டி. இரண்டாம் முறை எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. 16 முனைச் செருகியும் பொதுக் குறியீடுகளும் வந்தன. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இது கட்டாயமானது. 1990-களின் ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் பொதுச் செருகி இல்லாமலும் இருக்கலாம். மெர்சிடீஸில் 38 முனை கொண்ட வட்டச் செருகியும் பி.எம்.டபிள்யூ.வில் 20 முனை வட்டச் செருகியும் எஞ்சின் மூடியின் அடியில் இருக்கும்.

குறியீடு கிடைத்ததும் நோய் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. ஒரு சென்சாரின் மின்னழுத்தம் குறைவு என்று குறியீடு சொன்னால், பழுது சென்சாரில் இருக்கலாம், அதற்குச் செல்லும் வயரில் இருக்கலாம், துருப்பிடித்த எர்த்திலும் இருக்கலாம். குறியீடு என்பது புகார், தீர்ப்பு அன்று. மேலும், மலிவான பொதுக் கருவி எஞ்சினின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். கதவு, இருக்கை, காற்றுப்பை, சஸ்பென்ஷன் ஆகியவற்றின் பெட்டிகளைப் படிக்க அந்த நிறுவனத்துக்குரிய கருவி தேவை.

குறியீடே இல்லாத காரும் ஐயத்துக்குரியது. விற்பவர் காலையில்தான் அழித்திருக்கலாம். அழித்தவுடன் காரின் தன்சோதனைகள் அனைத்தும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அவை நிறைவேறப் பலவகை ஓட்டம் தேவை. கருவியில் இந்தப் பட்டியலைப் பார்த்தால் உண்மை தெரியும். ஃபோர்டு நிறுவனத்தின் கீழ் இருந்த காலத்து ஜாகுவார்களில் பி 1000 என்னும் குறியீடு இதையே சொல்லும்.

வாங்கும் முன் செய்யும் சோதனை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு சோதனை வரிசை கிடைக்கிறது. எல்லாத் தலைமுறைக்கும் பொதுவானவை இவை:

1. கார் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது போக வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.

2. சாவியைப் போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் எரிந்து, பின் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். எரியாத விளக்கு எரியும் விளக்கைவிடக் கவலைக்குரியது. கோளாறை மறைக்கப் பல்பை நீக்கியிருக்கலாம். காற்றுப்பை விளக்கை இதில் தவறாமல் கவனிக்க வேண்டும்.

3. 12 வோல்ட் காரில், இரவு முழுதும் நின்றபின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். வலைப்பின்னல் கார்களில் பலவீனமான பேட்டரி ஒன்றே பத்து வெவ்வேறு பொய்க் குறியீடுகளை எழுப்பும்.

4. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டுள்ளது. இது மலிவான பாகம். ஆனால் விலைபேச நல்ல காரணம்.

5. காரைப் பூட்டி உறங்கவிட்டு, பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். புதிய தலைமுறைப் பெட்டிகள் உறங்க அரை மணிக்கு மேலும் ஆகலாம். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. மிகுந்தால், ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் இரு முனைகளுக்கிடையே மில்லி வோல்ட்டை அளந்து, எந்த வழியில் மின்சாரம் ஓடுகிறது என்று காணலாம். பிடுங்கிச் செருகினால் உறங்கும் பெட்டி விழித்துக்கொண்டு அளவைக் குழப்பிவிடும்.

6. எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். நான்கு கண்ணாடிகள், எல்லா இருக்கைகளின் எல்லா அசைவுகள், கூரைத் திறப்பு, பின் திரை என ஒன்றும் விடக் கூடாது. பி.எம்.டபிள்யூ. ஈ 38, ஈ 39 மாதிரிகளில் அளவிப் பலகையின் எழுத்துகள் அங்கங்கே அழிந்திருப்பது வழக்கம். அதற்குக் காரணம் உள்ளே உள்ள பட்டை வயரின் ஒட்டு விலகுவதுதான்.

7. தரைவிரிப்பின் அடியிலும், டிக்கியில் மாற்றுச் சக்கரக் குழியிலும் கை வைத்து ஈரம் பார்க்க வேண்டும். கண்ணாடியின் அடியிலும் கூரைத் திறப்பிலும் உள்ள வடிகால் துளைகளை இலைச்சருகு அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். பல சொகுசுக் கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்தத் தாழ்வான இடங்களிலேயே உள்ளன.

கடைசிச் சோதனைக்கு நம் ஊரில் தனி முக்கியத்துவம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. நீரில் நின்ற காரைக் கழுவித் துடைத்து மணக்கச் செய்ய முடியும். ஆனால் செருகிகளுக்குள் புகுந்த சேற்றுநீர் செம்பை மெல்ல மெல்லத் தின்னும். கோளாறு மாதங்கள் கழித்தே தலைகாட்டும். இருக்கையின் அடியில் உள்ள செருகியைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் படிவும் மண்கோடும் உண்மையைச் சொல்லிவிடும். காற்றுப்பைச் செருகிகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை மட்டும் தொடக் கூடாது, மல்டிமீட்டரையும் வைக்கக் கூடாது. அவை வெடிப்பொருளோடு இணைந்தவை.

வரலாறு தரும் பாடம்

1912-இன் காடிலாக்கிலிருந்து ஈ 65 வரை மின்சாரம் செய்யும் வேலை பலமடங்கு பெருகியுள்ளது. ஆனால் கோளாறின் வேர்கள் பெரிதும் மாறவில்லை. பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த எர்த், விரிந்த சால்டர், உதிர்ந்த உறை, உள்ளே இறங்கிய நீர் ஆகிய ஐந்துமே பெரும்பாலான மின்கோளாறுகளுக்கு மூலம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் சிறிது. இவற்றைச் சோதிக்காமல் விலையுயர்ந்த பெட்டியை மாற்றுவதே பெருஞ்செலவு.

விற்பவர் "சின்ன எலக்ட்ரிக்கல் வேலைதான், ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்" என்று சொல்வது உண்டு. அவ்வளவு எளிதென்றால் விற்பதற்கு முன் அவரே செய்து, காரை அதிக விலைக்கு விற்றிருப்பார். அச்சொல்லைக் கேட்டதும் அந்த வேலையை அவர் செலவில் முடித்துத் தரச் சொல்வது, அல்லது காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது. எந்த ஆண்டுக் கார், அந்த ஆண்டில் மின்சாரம் அதற்குள் எவ்வழி ஓடியது என்று அறிந்தவர் சரியான இடத்தில் கை வைப்பார். பழைய சொகுசுக் கார் அத்தகையவருக்கே உண்மையில் மலிவு.